அலுமாரி நடு அறையில்

கரடிப்போக்குச் சந்தியில்
ரயர் கடைக்கு மேலே இரண்டு அறை.
மாதம் பதினெட்டாயிரம், தண்ணீர்க் காசு தனி.
"சுவரைப் பற்றி மட்டும் கேளாதேங்கோ" என்றார்
வீட்டுக்காரர் யோகமூர்த்தி.
கேட்கவில்லை.
கூரையிலிருந்து வழிந்த தேத்தண்ணி நிறம்,
முன்பிருந்தவர்கள் கிழித்தெடுத்த
கலண்டரின் நாலு மூலை,
டிஷ் வயர் போன துளைக்குள் எறும்பு.
சுவர் தானே எல்லாம் சொல்லிக்கொண்டு நின்றது.

பெயின்ற் அடிக்கிற நிமலரூபன்
ஏணி வைக்காமலே அண்ணாந்து பார்த்து
எண்பத்தையாயிரம் என்றான்.
நான் லீசிங் கொம்பனிக் காசாளர்,
பிறர் காசை எண்ணி விரல் தேய்ந்தவள்.
அடுத்தநாள் ஒரு சுரண்டி,
மண்கடதாசி ஆறு தாள்,
ஒரு வாளி புட்டி.

சனியும் ஞாயிறும் சுரண்டினேன்.
மேலே வெளிர்பச்சை, அதற்குக் கீழே றோஸ்,
றோஸுக்குக் கீழே ஒரு பள்ளிக்கூட நீலம்,
அதற்கும் கீழே வெறும் சீமெந்து.
சீமெந்தில்
விரல் போகிற அளவு, சிரட்டை கொள்கிற அளவு
ஆரோ அவசரமாய் அடைத்த பள்ளங்கள்.
இந்த ஊரில் பழைய சுவர் எல்லாம் அப்படித்தான்.
புட்டியை அப்பித் தகட்டால் இழுத்தேன்.
மூன்றாவது பள்ளத்தில்
மணிக்கட்டு என்னைக் கேளாமல் திரும்பியது.
கன்னத்து மேட்டிலிருந்து நாடிக்கு இறங்கும் நிழலை
முந்தி நான் இழுப்பது இப்படித்தான்.

முந்தி என்றால்,
முகாமிலிருந்து விட்ட பிறகு, தருமபுரத்தில்.
தறப்பாளுக்குக் கீழே இருந்து
அடையாள அட்டைப் படங்களைப்
பெரிதாய்க் கீறிக் கொடுப்பேன்.
முகம் ஒன்று ஐந்நூறு. சிலரிடம் வாங்கவில்லை.
நாற்பத்தொரு முகம்.
நாற்பத்திரண்டாவதாய் வந்தவ
படம் கொண்டு வரவில்லை.
"எல்லாம் வட்டுவாகல் தண்ணிக்குள்ள போட்டுது பிள்ளை.
மூக்கு என்ர மூக்குத்தான்.
மிச்சத்தை நீங்கள் போடுங்கோ."
மிச்சம் எனக்குத் தெரியாது.
விடியும்வரை இருந்து பார்த்தேன், தெரியவில்லை.
பென்சில்களை மா ரின்னுக்குள் போட்டு மூடினேன்.
அந்த ரின் எந்த இடம்பெயர்வில் எங்கே போனதென்றும்
தெரியாது.

இப்போது கையில் இருப்பது தச்சுப் பென்சில்,
தட்டையானது, தட்டு அடிக்க அளவு குறிக்க வாங்கியது.
குறித்தேன். கோடு நிற்கவில்லை.
தட்டு வரவேண்டிய இடத்தில்
கீழ்க்கடைப் பெடியன் கஜரூபன் வந்தான்,
ரிம்மில் குந்தியிருந்து றோல்ஸ் தின்றபடி.
அவனுக்குப் பின்னால் லொறிச் சில்லு,
எட்டு நட்டில் ஒன்று கழன்று.
கரண்ட் போனது.
போனை வாயில் கவ்விக்கொண்டு
நட்டின் நிழலைத் தேடினேன்.

திங்கட்கிழமை கவுண்டரில்
நகக்கண்ணில் வெள்ளை.
"வீட்டில விசேஷமோ?" என்றார் மனேஜர்.
"ஓம், சுவர்" என்றேன்.

மற்ற மூன்று சுவருக்கும்
மழைக்கு முதல்நாள் இரணைமடுத் தண்ணி நிறம் வேணும் என்றேன்.
ஹாட்வெயார்க்காரன் புத்தகத்தைப் புரட்டி
இலக்கம் என்ன என்று கேட்டான்.
வெள்ளை வாங்கி வந்து
யோகட் கோப்பைக்குள் நானே கலந்தேன்.
முதலாவது சவர்க்காரம், இரண்டாவது பொலிஸ் ஸ்ரேசன்.
மூன்றாவது சரி.
சரியாய் வந்தது காயமுதலே தெரிந்தது,
அடிவயிற்றில், பசி மாதிரி.

யோகமூர்த்தி வந்து பார்த்தார்.
ரயர், ரிம், பெடியன், வயரில் செம்போத்து.
கனநேரம் நின்றார்.
"போகேக்க வெள்ளை அடிச்சுத்தான் போகோணும்."
"ஓம்."
"லொறி என்ர மச்சானின்ர போலக் கிடக்கு."
"அவற்றதான்."

அலுமாரி வைக்கிற மூலையை
கடைசியாய்த்தான் பூசினேன்.
நேற்றிரவு அங்கே ஒரு மூக்கு கீறினேன்.
மூக்கு மட்டும்.
அந்த மனிசி தறப்பாளைத் தூக்கிக் குனிந்து வந்தபோது
பக்கவாட்டில் கண்டது:
நடுவில் சின்ன மேடு, நுனி கொஞ்சம் கீழே.
சுற்றிவர வெறும் சுவர்.
மிச்சம் இப்பவும் தெரியாது.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
படுக்கப் போனேன்.

அலுமாரியைத் தள்ளி வைக்கவேணும்.
நடு அறையில் நிற்கிறது.
குசினிக்குப் போகிறபோதெல்லாம்
அதைச் சுற்றித்தான் போகிறேன்.